விரதம் இருந்த மெஷின்

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கதவை இழுத்து அதற்குப் பின்னாலும் பார்த்துவிட்டு, "ஏளா ஜெபிஷா, மிச்சம் பதினஞ்சும் எங்க?" என்று கேட்டார்.

எதில் மிச்சம் என்று ஜெபிஷாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கம்பெனி முதலாளி கிருபாகரன் இருக்கிறானே, அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது. பதினாறு மெஷின் வாங்கியாயிற்று என்று அண்ணாச்சியிடம் அளந்துவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டான். வந்து இறங்கியது ஒரே ஒரு கறுப்புப் பெட்டி. அது மூலையில் உட்கார்ந்து மாவு மில் போல இரைந்துகொண்டிருந்தது. அவன் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை.

கீழே இருப்பது அண்ணாச்சியின் தார்ப்பாய்க் கடை. துறைமுகத்துக்கு உப்பும் கரியும் ஏற்றிப்போகிற லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் அங்கேதான். மாடி ஒரு காலத்தில் கருப்பட்டிக் குடோன். சாத்தான்குளத்துக் கிருபாகரன் பேசிப் பேசியே அதை வாங்கி, நாலு மேசை போட்டு, கம்பெனி என்று போர்டும் மாட்டினான். அண்ணாச்சி இடம் கொடுத்தவர் மட்டுமல்ல, கூட்டாளியும்கூட. கருப்பட்டி காலியாகி மூன்று வருடம் ஆகிறது. எறும்புகளுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

அவர்கள் செய்தது லாரிக்காரர்களுக்கான ஒரு ஆப். சரக்கு ஏற்றும் யார்டு வாசலில் வெயிலில் கிடந்து வேகாமல், போனிலேயே டோக்கன் போட்டுவிட்டு முறை வரும்போது வந்தால் போதும். அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் முழுவதையும் சோதித்தாக வேண்டும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று புட்டுக்கொள்ளும். ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்ப்பதற்குப் பதில், டெஸ்ட் என்கிற குட்டிக் குட்டிப் புரோகிராம்கள் தாமே அமுக்கிப் பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அவற்றை எழுதி மேய்ப்பதுதான் ஜெபிஷாவின் வேலை. பழைய கம்ப்யூட்டரில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிய ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அதற்காகத்தான் இந்தப் பெரிய பெட்டி. அதற்குள் பதினாறு வர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொன்றும் தன்னை ஒரு தனிக் கம்ப்யூட்டர் என்றே நம்பிக்கொண்டிருக்கும். டெஸ்டுகளைப் பதினாறுக்கும் பங்குபோட்டு ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

இதை அண்ணாச்சிக்குச் சொல்ல ஜெபிஷா தலைகீழாக நின்று பார்த்தாள். ஒரு காம்பவுண்டுக்குள் பதினாறு வீடு இருக்கிறதில்லையா, தண்ணீரும் கரண்டும் பொது, ஆனால் குடும்பம் தனித்தனி, அது மாதிரி என்றாள். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். காம்பவுண்டு வீடு அவருக்குத் தெரியாததா, மட்டக்கடைப் பக்கம் அவருக்கே ஒன்று இருக்கிறது.

"வீடுன்னா கதவைத் தட்டினா உள்ள இருந்து ஆள் வருவான்லா. இங்கன எவன் வாரான்?" என்றார். பெட்டியை விரலால் தட்டியும் பார்த்தார். யாரும் வரவில்லை.

அவருக்குப் பின்னால் நிலைப்படியில் சாய்ந்து நின்ற பாண்டித்துரை, இப்படித்தான் ஊர்ப்பட்ட பேர் ஏமாந்து போகிறார்கள் என்கிற மாதிரி உச்சுக்கொட்டினான். பாண்டித்துரை யார் என்று சொல்லாமல் இந்தக் கதை நகராது. அண்ணாச்சியின் பெண்சாதி செல்லத்தாயம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. கடையில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி அவனுடையது. எந்த வேலையைச் சொன்னாலும் வாங்கிக்கொள்வான், முகம் சுளிக்க மாட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால், "ஆயிட்டு அத்தான்" என்பான். அந்த ஆயிட்டில் ஒரு நிறைவு இருக்கும் பாருங்கள், கேட்கிறவனுக்கே அலுப்புத் தீர்ந்த மாதிரி ஆகிவிடும். வேலை ஆகியிருக்காது. ஆகவில்லை என்று தெரியவருவதற்குள் கடைப்பையன்களில் யாராவது பொறுக்கமாட்டாமல் அதைச் செய்து முடித்திருப்பார்கள். வருடக்கணக்காக இப்படியே ஓடுகிறது.

தீபாவளிக்கு உடன்குடியிலிருந்து கருப்பட்டி எடுத்து விற்கலாம், மாடியை மறுபடி குடோன் ஆக்கிவிடலாம் என்பது அவன் யோசனை. யோசனை சொல்வதில் மட்டும் அவன் சுறுசுறுப்பு. மேலே நாலு பேர் பகலெல்லாம் கம்ப்யூட்டர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அத்தானிடம் நாள் தவறாமல் ஓதிவந்தான். அம்மி நகர்ந்துவிட்டது.

அண்ணாச்சி முடிவாகச் சொன்னார். ஆயுத பூசை அன்று சாயங்காலம் வழக்கம்போல மேலேயும் பூசைக்கு வருவேன். பதினாறு மெஷினும் எனக்குக் கண்ணில் தெரிய வேண்டும். அந்தப் பச்சை விளக்கோ என்னவோ, அதுவும் எரிய வேண்டும். இல்லையென்றால் மறுநாள் விசயதசமி, நல்ல நாள், கருப்பட்டி மேலே ஏறிவிடும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெபிஷா அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

இடம் போனால் கிருபாகரன் கம்பெனியைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், ஏற்கெனவே அங்கே ஒரு கண் வைத்திருக்கிறான். ஜெபிஷாவுக்குச் சென்னை வேண்டாம். மூன்று வருடம் வேளச்சேரி ஹாஸ்டலில் இருந்து, மீன் என்று எதைப் போட்டார்களோ அதைத் தின்று, சாப்பாட்டிலேயே பாதி வைராக்கியத்தை இழந்து திரும்பி வந்தவள் அவள். இங்கே மத்தியானம் ஊளிமீன் குழம்பு, சனிக்கிழமை பஸ் ஏறினால் சொந்த ஊர் நாசரேத், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அம்மா பக்கத்தில் இடம். அதை விட்டுப் போகிற எண்ணமே அவளுக்கு இல்லை. அழுகை வந்தது. அழுதால் ரம்யா வீடியோ எடுப்பாள் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

ரம்யா அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவள், ஆறுமுகநேரிப் பெண், வேலையில் சூரப்புலி, வாய் அதைவிடப் புலி.

ஆயுத பூசை வந்தது. காலையில் ஜெபிஷா படியேறும்போதே வழியை மறித்துக்கொண்டு ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்கள் கிடந்தன. கடைக்குப் பின்கட்டில் அடுக்கிவைக்கச் சொல்லி அண்ணாச்சி பாண்டித்துரையிடம் சொன்னாராம். ஆயிட்டு அத்தான் என்றானாம். எப்படியும் நாளைக்கு மேலேதானே ஏறப்போகிறது என்று அவன் கணக்கு. ஜெபிஷா சுடிதாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சிப்பங்களைத் தாண்டி மேலே போனாள். எறும்புகள் அவளுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

போன் அடித்தது. கிருபாகரன். லாரி உரிமையாளர்கள் நாளைக் காலையில் கையெழுத்துப் போட வருகிறார்களாம், பச்சை ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டுமாம். அண்ணாச்சியிடம் நீயே பக்குவமாகப் பேசிவிடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். இவன் வாயால் கெட்டதை அவள் வாயால் கட்ட வேண்டும்.

சாயங்காலம் அண்ணாச்சி வருகிற நேரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி அவள் டெஸ்டுகளைத் தொடங்கிவிட்டாள். பெரிய மானிட்டரில் பதினாறு கட்டம். கட்டத்துக்கு ஒரு மெஷின். ஒவ்வொன்றிலும் ஆப் திறந்து, ஆளில்லாமலே பொத்தான்கள் அமுங்கி, லாரி நம்பர்கள் தாமே விழுந்துகொண்டிருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி தாம்பாளத்தோடு வந்தார். பின்னால் பாண்டித்துரை வெறுங்கையோடு வந்தான். கடைப்பையன்கள் பூவும் பொரியும் சுண்டலும் தூக்கிவந்தார்கள். அண்ணாச்சி ஆயுத பூசையில் படு கறார். கீழே தராசு, கத்தரி, தார்ப்பாய் தைக்கிற மெஷின், கயிறு கோக்கக் கண்ணி அடிக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பட்டை போட்டுப் பொட்டு வைத்தாயிற்று. ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட்டால் அது மனசு கோணும் என்பது அவர் சித்தாந்தம். பதினாறு என்றால் பதினாறு பொட்டு. ஒரு சின்னப் பொட்டலத்தை மட்டும் ஜெபிஷா மேசையில் தனியாக வைத்தார். படைப்பதற்கு முன்னால் எடுத்த சுண்டல். வேதக்கார வீட்டுப் பிள்ளை, நாசரேத் வாத்தியார் மகள், படைத்ததைச் சாப்பிட மாட்டாள் என்று வருடா வருடம் இது நடக்கும், யாரும் அதைப் பேசுவதில்லை. அவரை நினைத்து அவளுக்கு மனசு இளகிப்போனது. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு பெட்டியைப் புரியவைக்க முடியவில்லையே.

அண்ணாச்சி சந்தனத்தைக் குழைத்து மானிட்டரில் முதல் கட்டத்தின் நெற்றியில் வைத்தார். அடுத்தது, அடுத்தது என்று பதினாறும் வைத்து முடித்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அந்த நேரம் பார்த்து ரம்யா பழக்கதோஷத்தில் மவுஸை உருட்டினாள். கட்டங்கள் எல்லாம் சர்ரென்று மேலே நகர்ந்தன. சந்தனம் நகரவில்லை.

அண்ணாச்சி பொட்டைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார். "பொட்டு இங்கன இருக்கு, மெஷினு அங்கன போயிட்டே" என்றார்.

பாண்டித்துரை இருமினான். இருமல் மாதிரிதான் இருந்தது. சினிமாப் படத்துக்குப் பொட்டு வைத்தாற்போல ஆயிற்று என்று அவன் கடைப்பையனிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. ஜெபிஷா அவனை முறைத்தாள். ரம்யா அவசரமாகக் கட்டங்களை இறக்கிப் பொட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள், ஒன்றிரண்டுக்குக் கன்னத்தில் விழுந்தது.

அண்ணாச்சி அடுத்த குண்டைப் போட்டார். பொட்டு வைத்தாயிற்று, இனி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பூசைக்கு வைத்த ஆயுதம் மறுநாள் விடியும்வரை ஓய்வெடுக்க வேண்டும், கீழே கத்தரியைக்கூட யாரும் தொடவில்லை.

ஜெபிஷாவுக்குக் கண்ணைக் கட்டியது. நிறுத்தினால் பச்சை வராது. பச்சை வராவிட்டால் மாடி போய்விடும். ஓடவிட்டால் பூசை கெட்டுப்போகும், அப்போதும் மாடி போய்விடும். நல்ல நியாயம். என்ன செய்வதென்று புரியாமல் சுண்டல் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது.

"அண்ணாச்சி, சஷ்டிக்கு உங்க வீட்ல யாரு விரதம் இருக்கா?"

செல்லத்தாயம்மாள்தான் என்றார். ஆறு நாளும் திருச்செந்தூரிலேயே கிடப்பாள் என்றார்.

"நீங்க?"

"நான் கடையைப் பாக்கணும்லா. வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா எல்லாருக்கும் சேரும்."

"அப்ப மெஷினுலயும் ஒண்ணு எல்லாத்துக்கும் சேத்து விரதம் இருக்கட்டும் அண்ணாச்சி. புதுசா ஒண்ணு உண்டாக்குதேன். அது ஒரு வேலையும் செய்யாது. மத்தது கடையைப் பாக்கட்டும்."

அண்ணாச்சி யோசித்தார். நினைத்தவுடன் ஒரு மெஷினை உண்டாக்க முடியுமா என்கிற சந்தேகம் அவர் முகத்தில் ஓடியது, ஆனால் சஷ்டி விரதத்தை மறுத்துப் பேச அவருக்கு வாயில்லை. சரி என்று தலையாட்டினார்.

ஜெபிஷாவும் ரம்யாவும் பாய்ந்தார்கள். இருக்கிற மெஷின் ஒன்றை நகலெடுத்துப் பதினேழாவதை உண்டாக்குவது சின்ன வேலைதான். அதைச் சும்மா இருக்கவைப்பதுதான் பெரிய வேலை. டெஸ்டுகளைப் பங்குபோட்டுக் கொடுக்கிற புரோகிராம் ஒன்று உண்டு, மேஸ்திரி என்று அதைக் கூப்பிடுவார்கள். எந்த மெஷின் கை சும்மா இருக்கிறதோ அதற்கு அடுத்த டெஸ்டைத் தூக்கிக் கொடுக்கும். கூப்பிட்டதற்குப் பதில் பேசாவிட்டால் செத்துவிட்டது என்று நினைத்து உதைத்து எழுப்பும். பூசை நேரத்தில் அப்படி எழுப்பினால் விரதம் கலையும் அல்லவா. அதனால் மேஸ்திரி என்ன கேட்டாலும் "ஆயிட்டு" என்று மட்டும் பதில் சொல்லும்படி ரம்யா அதற்கு ஒரு வரி எழுதிவைத்தாள். புது மெஷினுக்குப் பெயர் கேட்டது கம்ப்யூட்டர். ரம்யா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, பாண்டித்துரை என்று அடித்துவிட்டாள். ஜெபிஷா அதைப் பார்த்தாள், மாற்ற நேரமில்லை, மாற்ற மனசும் இல்லை.

பதினேழாவது கட்டம் அசைவில்லாமல் அமைதியாக வந்து நின்றது. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. அதற்குத் தனியாகப் பெரிய பொட்டு வைத்தார். பெட்டிமேல் மாலை போட்டார், காற்றோட்டத்தை மறைக்காமல் ஜெபிஷா அதை ஓரமாக நகர்த்தினாள். மணி அடித்தார்கள். சூடம் ஏற்றிக் காட்டினார்கள்.

சூடம் அணைவதற்குள் திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது.

ஒரு சிவப்பு இல்லை. எல்லா டெஸ்டும் முடிந்தது என்று பெரிய எழுத்தில் விழுந்தது. அண்ணாச்சி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். விரத மகிமை என்றார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடி உங்களுக்குத்தான், இனி அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார். பொரியை அள்ளி அள்ளிக் கொடுத்தார். பாண்டித்துரை கருப்பட்டியைத் தின்னப்போய்க் கல்லைக் கடித்த மாதிரி நின்றான். ஜெபிஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் பொட்டலத்தைப் பிரித்துச் சுண்டலை வாயில் போட்டாள், அவ்வளவு ருசியான சுண்டலை அவள் வாழ்நாளில் தின்றதில்லை.

அண்ணாச்சி கீழே போனார். இரண்டாவது வாய் சுண்டலுக்கு அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது. இரண்டு மணி நேர வேலை, பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு சூடம் எரிகிற நேரத்தில் எப்படி முடிந்தது? சாமி வரம் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் இவ்வளவு சீக்கிரம் கொடுக்காதே.

எந்த டெஸ்டை எந்த மெஷின் முடித்தது என்று திறந்து பார்த்தாள். மேலே பதினாறு பேர் பெயரும் கலந்து கலந்து வந்தது. அதற்குக் கீழே ஒரே பெயர்தான். பாண்டித்துரை, பாண்டித்துரை, பாண்டித்துரை என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. கை சும்மா இருக்கிறவனுக்கு வேலை கொடுப்பது மேஸ்திரியின் குணம். பாண்டித்துரையின் கை எப்போதும் சும்மாதான் இருந்தது. கொடுத்த டெஸ்டை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், ஆயிட்டு ஆயிட்டு என்று சொல்லியிருக்கிறது. ஆயிட்டு என்றால் பச்சை. நிஜமாக உழைத்துக்கொண்டிருந்த பதினாறும் கைவேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

ஜெபிஷா வாயில் இருந்த சுண்டலை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. ரம்யா எட்டிப் பார்த்துவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் அக்கா, இப்போதே மறுபடி ஓடவிட்டு நிஜப் பச்சை எடுத்துவிடலாம் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் நிஜத்தில் சிவப்பு வந்தால்? அண்ணாச்சி கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். பொய்யான பச்சைக்கு அந்த மனுஷன் கண் கலங்கியதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. திருடியதை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. சென்னைதான் என்றால் சென்னைதான், கடவுள் விட்ட வழி என்று எழுந்தாள். படியில் சிப்பத்தில் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கடையில் அண்ணாச்சி அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்குப் பொரி கொடுத்துக்கொண்டே மாடி மெஷினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கு நடுவில்தான் அவள் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பச்சை பொய். விரதத்துக்கு வச்சோம்லா, அது எல்லா வேலையையும் வாங்கிக்கிட்டு ஒண்ணையும் செய்யாம ஆயிட்டுன்னு சொல்லிட்டு. என் தப்புதான்."

ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலி கிறீச்சிட்டது. நான் அன்றே சொல்லவில்லையா என்று பாண்டித்துரை எழுந்துவிட்டான். அண்ணாச்சி கையிலிருந்த பொரியைத் தட்டில் போட்டார். சிப்பங்களைத் தாண்டிப் படியேறினார். ஜெபிஷா பின்னாலேயே போனாள். பாண்டித்துரையும் வந்தான், வேடிக்கை என்றால் அவனுக்குப் படி ஒரு பொருட்டில்லை.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். லாரி போர்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியவர். எழுத்தெழுத்தாகப் படித்தார். பாண்டித்துரை, ஆயிட்டு. பாண்டித்துரை, ஆயிட்டு. அடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னார். அங்கேயும் அதேதான். ரம்யா மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போல மறைந்துகொண்டாள்.

"சொன்ன வேலையெல்லாம் வாங்கிக்கிடும்?" என்று கேட்டார்.

"வாங்கிக்கிடும் அண்ணாச்சி."

"செய்யாது."

"செய்யாது."

"கேட்டா ஆயிட்டும்பான்."

அது என்பது அவன் ஆகிவிட்டதை ஜெபிஷா கவனித்தாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி மச்சினனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் தேடியபோது இருந்த பார்வை இல்லை அது. தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏளா, இல்லாத மெஷினு எங்ஙன வேலைக்கு டிமிக்கி கொடுக்கும்? ஒருத்தன் உள்ள உக்காந்து ஏய்க்கான்னா, மத்தவனுவோ உள்ளதான் இருக்கானுவோ. உழைக்கவும் செய்யுதானுவோ. இப்பம் நம்புதேன்" என்றார்.

ஜெபிஷாவுக்கு இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காம்பவுண்டு வீடு கதையெல்லாம் சொல்லித் தொண்டைத் தண்ணீரை வற்றவிட்டதற்கு, முதலிலேயே ஒரு சோம்பேறியைக் காட்டியிருந்தால் போதுமாக இருந்திருக்கிறது.

பச்சை வராததைப் பற்றி அவள் பயந்து பயந்து கேட்டாள். மற்ற பதினாறும் மறுபடி ஓடட்டும், விரதம் இருந்தது ஒருத்தன்தானே என்றார். ஜெபிஷா பதினேழாவதை மட்டும் மேஸ்திரியின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள், மற்றவை ஓடின. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு முழுவதும் உட்கார்ந்து பார்த்தார், ஏதாவது ஒரு மெஷின் கொஞ்சம் தாமதித்தால், இவன் என்ன செய்கிறான் என்று விசாரித்தார். முடிவில் ஒரே ஒரு சிவப்பு வந்தது. இரண்டு டிரைவர்கள் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினால் இருவருக்கும் ஒரே டோக்கன் விழுகிறது. பழைய கம்ப்யூட்டர் தனியாளாக ஓடியபோது மோதுவதற்கு ஆளே இல்லாமல் மறைந்து கிடந்த தப்பு அது. யார்டு வாசலில் இரண்டு லாரிக்கு ஒரே முறை என்றால் என்ன நடக்கும் என்று அண்ணாச்சிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, மண்டை உடையும். லாரிக்காரர்களிடம் நானே பேசுகிறேன், திருத்திவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கலாம், தார்ப்பாய்க் கடன் சொல்லி வாங்குகிறவர்கள் நான் சொன்னால் கேட்பார்கள் என்றார்.

ஜெபிஷாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் பதினேழாவது மெஷினை அழித்துவிடக் கை வைத்தாள். அண்ணாச்சி தடுத்தார்.

"வேண்டாம், இருக்கட்டும். பூசை வாங்கினவன். வெளிய தள்ளுனா வீட்ல யாரு பதில் சொல்ல? ஒரு ஓரமா உக்காந்திருக்கட்டும், வேலை மட்டும் கொடுத்திராத. நானும் அப்படித்தான வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். நிலைப்படியில் சாய்ந்திருந்த மச்சினனிடம், மாடி இந்தப் பிள்ளைகளுக்குத்தான், படியில் கிடக்கிற கருப்பட்டியை நீயே உன் கையால் பின்கட்டில் கொண்டுபோய் அடுக்கு என்று நிதானமாகச் சொன்னார். பாண்டித்துரை முகம் சுளிக்கவில்லை. தலையாட்டிக்கொண்டே இறங்கிப்போனான்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அந்த நிறைவான குரல் கேட்டது.

"ஆயிட்டு அத்தான்."

அண்ணாச்சியும் ஜெபிஷாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார், ஜெபிஷா சுடிதாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். சிப்பங்களைத் தாண்டிக் கீழே இறங்கினார்கள்.